முன்னாலேயே அடுக்கி வைக்கும் தயிர் ஜாடி: மூன்றாம் நாள் தண்ணீர் விடுகிறது, என்ன செய்யலாம்?

காலைரயில் | ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். நான் அரக்கோணத்தில் இருந்து தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்வரும் செவிலியர். காலை ஷிஃப்ட் என்றால் ஐந்து மணிக்கே வீட்டை விட்டு இறங்கிவிடுவேன். வார்டில் ரவுண்ட்ஸ் முடிந்து, மருந்து கொடுத்து, கை ஒழிந்து உட்கார ஒன்பதரை ஆகிவிடும். இட்லி கட்டிக்கொண்டு போனால் தேங்காய்ச் சட்னி அதற்குள் ஊசிப்போகிறது. பொங்கல் இறுகிவிடுகிறது. பல வருடம் கேன்டீன் போண்டாவும் டீயுமாகவே ஓடிவிட்டது.

ஆறு மாதமாகத் தயிர் ஜாடிக்கு மாறியிருக்கிறேன். சனிக்கிழமை காலை ஒரு லிட்டர் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலைக் காய்ச்சி உறை ஊற்றுவேன். மாலை உறைந்ததும் ஃப்ரிட்ஜுக்குள். இரவு பழைய வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, அடியில் ஒரு பாத்திரமும் வைத்து ஃப்ரிட்ஜுக்குள்ளேயே விட்டுவிடுவேன். விடிந்து பார்த்தால் அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கெட்டித் தயிர் நிற்கும். வடிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசைந்துவிடுவேன்.

ஞாயிறு மாலை மூன்று ஜாம் பாட்டிலில் அடுக்குகிறேன். அடியில் சர்க்கரை தூவிய மாம்பழத் துண்டு, அதன் மேல் தயிர், நடுவில் சிவப்பு அவல், மறுபடி தயிர், மேலே மாதுளை. திங்கள்கிழமை ஜாடி அருமை. செவ்வாய்க்கிழமை பரவாயில்லை. புதன்கிழமை திறந்தால் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், அவல் கூழாகிக் கிடக்கும். ஒரு தடவை மாம்பழத்துக்குப் பதில் அன்னாசி போட்டேன், மறுநாளே தயிர் கசந்து நீர்த்துப்போய்க் கீழே ஊற்ற வேண்டியதாயிற்று.

புதன்கிழமை வரை தாங்குகிற மாதிரி அடுக்க வழி உண்டா? வார்டில் இருப்பது மருந்து ஃப்ரிட்ஜ், அதில் சாப்பாடு வைக்கக் கூடாது. அதனால் ஐந்து மணியில் இருந்து ஒன்பதரை வரை ஜாடி என் பையில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

மாவடு_சீசன் | ஞாயிறு, இரவு 9:32

கடையில் கிரேக்கத் தயிர் சின்னக் கப்பில் கிடைக்கிறதே? அன்றன்றைக்கு ஒன்று வாங்கி, ஒரு வாழைப்பழம் நறுக்கிப் போட்டால் வேலை முடிந்ததே.

---

காலைரயில் | ஞாயிறு, இரவு 9:40

ஐந்து மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது தம்பி. மூன்று கப் வாங்குகிற காசில் எனக்கு ஒரு லிட்டர் பால் வந்து மிச்சமும் இருக்கும். வீட்டுத் தயிரின் ருசியை விடவும் மனசில்லை.

---

பால்பண்ணைக்காரன் | திங்கள், காலை 6:15

பால் பதப்படுத்தும் ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் தயிரில் குறை இல்லை. இரவு முழுக்கத் துணியில் வடிந்த தயிர் இன்னும் ஒரு விரற்கடை தண்ணீர் விடாது. தண்ணீர் வருவது மாம்பழத்தில் இருந்து, அதை வெளியே இழுப்பது நீங்கள் தூவும் சர்க்கரை. வெட்டிய பழத்தின் மேல் சர்க்கரை பட்டால் பழத்துக்குள் இருக்கும் நீர் வெளியே வந்துவிடும். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் நிற்கிறதல்லவா, அதே வேலைதான். சர்க்கரை அதை இனிப்பாகச் செய்கிறது.

முதல் காரியமாகச் சர்க்கரையை விடுங்கள். இரண்டாவது, மாம்பழத்தை அப்படியே போடாமல் அடிகனமான வாணலியில் பத்து நிமிடம் கிளறி, கரண்டியில் இருந்து வழியாமல் தொப்பென்று விழும் பதத்தில் இறக்குங்கள். அதோடு நான்கைந்து பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். பேரீச்சை, கிஸ்மிஸ், உலர்ந்த அத்தி எல்லாம் தண்ணீரைக் குடிக்கிற சரக்கு. மூன்று நாளில் மேலே இருந்து என்ன கசிந்தாலும் அடியில் இருக்கும் பேரீச்சை உறிஞ்சிக்கொள்ளும், தானும் மெத்தென்று ஆகும். இனிப்புக்கும் அதுவே போதும்.

அவல் விஷயம் தலைகீழ். அவல் காய்ந்த பண்டம், தண்ணீர் எங்கே இருந்தாலும் தேடிக் குடிக்கும். இரண்டு தயிர் அடுக்குக்கு நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் இழுத்துக் கூழாகத்தான் ஆகும். மூன்று நாள் நிற்க வேண்டிய ஜாடியில் ஏற்கனவே தண்ணீர் குடித்து முடித்த தானியத்தை வையுங்கள். வேகவைத்த கருப்புக் கவுனி, சம்பா கோதுமை, வரகு, இப்படி எதுவானாலும் சரி. வெந்த தானியம் தயிரிடம் தண்ணீர் கேட்காது. கவுனிக்குத் தவிடு இருப்பதால் மூன்றாம் நாளும் பல்லில் கடிபடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஃப்ரிட்ஜில் எந்தச் சோறும் விறைக்கும், அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குழைவாக வேகவிடுங்கள்.

அன்னாசி கசந்த காரணம் வேறு. வேகவைக்காத அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைத் துண்டு துண்டாக்கும். தயிரைக் கெட்டியாகப் பிடித்து நிற்கவைப்பதே பால் புரதம்தான், அதை உடைத்தால் தயிர் நீர்த்துவிடும். உடைந்த புரதத் துண்டுகள் நாக்குக்குக் கசக்கும். பப்பாளியிலும் கிவியிலும் இதே குணமுள்ள நொதிகள் உண்டு. பப்பாளியில் காயில் நிறைய, நன்றாகப் பழுத்ததில் குறைவு. கொதிக்கவைத்துவிட்டால் நொதி செத்துப்போகும். அன்னாசி ஆசை இருந்தால் ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் போடுங்கள். கசக்காது.

---

காலைரயில் | திங்கள், இரவு 8:55

சார், இன்றைக்கு ரயிலில் உட்கார்ந்து இதை மூன்று தடவை படித்தேன். ஆறு மாதமாகத் தயிரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், தண்ணீருக்குக் காரணம் சர்க்கரை என்று தோன்றவே இல்லை. கவுனி வீட்டில் இருக்கிறது, இந்த வாரமே செய்து பார்க்கிறேன்.

---

வெண்ணெய்த்தாழி | செவ்வாய், காலை 10:20

கும்பகோணத்தில் இருந்து எழுதுகிறேன், எனக்கு அறுபத்தெட்டு வயது. நீ தயிரை உறையவைத்து, வடித்து, எடுத்து அடுக்கி, இத்தனை தடவை கை வைக்கிறாயே அம்மா, அதற்கு அவசியம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்.

என் மாமியார் காசி யாத்திரைக்குக் கட்டுச்சாதம் கட்டுவார். முதல் நாள் மதியத்துக்குத் தயிர் சாதம். அதில் தயிர் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ஸ்பூன். குழைய வடித்த சாதத்தை மசித்து, காய்ச்சின பாலைத் தாராளமாக விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறினதும் அந்த ஒரு ஸ்பூன் தயிரைக் கலந்து தூக்கில் போட்டு மூடுவார். காலை ஏழு மணிக்கு அது பால் சாதம். ரயில் ஓட ஓட உள்ளே உறையும். பன்னிரண்டு மணிக்குத் தூக்கைத் திறந்தால் புளிப்பே இல்லாத புதுத் தயிர் சாதம். காலையிலேயே தயிர் விட்டுப் பிசைந்தவர்கள் சாதம் அதே நேரத்துக்குள் புளித்து, தண்ணீர் விட்டு, மூக்கைச் சுளிக்கவைக்கும்.

உன் ஜாடிக்கும் அதே கணக்குதான். ஜாடியிலேயே உறை ஊற்றிவிடு. அடியில் அந்தச் சார் சொன்ன மாம்பழக் கிளறல், அதன் மேல் உறை சேர்த்த பால். அப்படியே உறையட்டும். நீ ஒன்பதரைக்கு ஸ்பூன் போடும் வரைக்கும் யாரும் அந்தத் தயிரை அசைக்காமல் இருந்தால் அது ஏன் தண்ணீர் விடப்போகிறது?

---

பால்பண்ணைக்காரன் | செவ்வாய், பகல் 1:05

அம்மா சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆலையில் கப் தயிர் போடுவது இப்படித்தான். பாலை உறையோடு கப்பில் நிரப்பி மூடி, கதகதப்பான அறையில் உறையவிட்டு, அசைக்காமல் குளிர் அறைக்குக் கொண்டுபோவோம். பழம் அடியில் இருக்கும் கப்புகளும் இப்படிச் செய்யப்படுவது உண்டு.

தயிர் என்பது பால் புரதம் பின்னிய வலை. தண்ணீர் அந்த வலையின் கண்களுக்குள் நிற்கிறது. கரண்டி விட்டால் வலை அறும், அறுந்த இடத்தில் தண்ணீர் கசியும். கரண்டி படாத தயிர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துணியில் வடிப்பது அந்தத் தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்றுகிற வழி, ஜாடியிலேயே உறையவைப்பது உள்ளேயே நிறுத்திவைக்கிற வழி. கெட்டித் தயிரின் வெண்ணெய் மாதிரியான வழவழப்பு வேண்டும் என்றால் முன்னது. மூன்று நாள் நிற்க வேண்டும் என்றால் பின்னது. வேலையும் பாதி.

வீட்டில் செய்யும்போது சில விஷயங்களை விடக் கூடாது. பால் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிடாதீர்கள், சின்னத் தீயில் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வையுங்கள். 85 டிகிரிக்கு மேல் பாலைக் கொஞ்ச நேரம் வைத்தால் அதில் உள்ள மோர்ப் புரதமும் வலையோடு சேர்ந்து பின்னிக்கொள்ளும், தயிர் இறுக்கமாக வரும். அரை லிட்டர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் கரைத்தால் இன்னும் நன்றாக நிற்கும். அப்புறம் 42, 43 டிகிரி வரை ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லை என்றால் அம்மா சொன்ன கை பொறுக்கும் சூடுதான் அளவு. சூடு அதிகமானால் உறையில் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். இந்த வெயிலுக்கு அரை லிட்டருக்கு அரை ஸ்பூன் உறை தாராளம். அதிகம் போட்டால் சீக்கிரம் புளித்து வலை சுருங்கி, அதுவே தண்ணீர் விடக் காரணமாகிவிடும்.

பழம் ஜாடிக்குள் முழுதும் ஆறிக் கெட்டியாக இருக்க வேண்டும். தளரத் தளர இருந்தால் பாலோடு கலந்துவிடும், புளிப்பான பழமாக இருந்தால் தொட்ட இடத்தில் பால் திரியும்.

---

பாணிக்கிண்ணம் | செவ்வாய், இரவு 11:48

கனடாவில், றொரன்ரோவில் இருந்து எழுதுறன். சொந்த ஊர் மட்டக்களப்பு. இந்த இழையைப் பார்த்ததும் ஊர் நினைவு வந்துவிட்டது.

எங்களிடத்தில் எருமைத் தயிர் மண்சட்டியில்தான் உறையும். சட்டியோடயே விற்பார்கள், கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். மண்சட்டி தன்பாட்டில் தண்ணியைக் குடித்துவிடும், தயிர் வெட்டி எடுக்கிற மாதிரி கட்டியாக இருக்கும். அதற்கு மேல் கித்துள் பாணியை (கித்துள் பனைமரத்துப் பாகு) ஊற்றிச் சாப்பிடுவது. அம்மா பள்ளிக்கூடம் போகிற நாளில் ஒரு கோப்பையில் தயிர், வாழைப்பழம், பாணி என்று தந்துவிடுவா.

இங்கே வந்த புதிதில் பனிக்காலத்தில் தயிர் உறையவே இல்லை. பிறகு ஒரு வழி பிடித்தேன். அவன் (oven) அடுப்பைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, உறை ஊற்றின போத்தல்களை இரவு முழுக்க உள்ளே வைத்தேன். அந்த விளக்கின் வெக்கையே போதும், காலையில் உறைந்து இருக்கும். இப்ப ஞாயிறு இரவில் நாலு போத்தல் இப்படிச் செய்துவிட்டுப் படுக்கிறேன். பாணியை மட்டும் ஒரு சின்னப் போத்தலில் தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும் நேரத்தில் ஊற்றுகிறேன். முன்னமே ஊற்றினால் அதுவும் சீனி மாதிரித்தான், மேல் தயிரைத் தண்ணியாக்கிவிடும்.

தங்கச்சி, உங்களுக்கு ரயிலில் குலுங்காதோ? நான் கார் கப்பில் வைத்துக்கொண்டு போகிறபடியால் பிரச்சினை இல்லை.

---

திருப்பூர்_மதி | புதன், காலை 5:50

என் பையன் ஆறாம் வகுப்பு. காலையில் ஏழு மணி பஸ், பதினொன்றுக்குத்தான் இடைவேளை. இனிப்பு எடுக்கவே மாட்டான். காரமாக இப்படி அடுக்க முடியுமா? பள்ளியில் ஃப்ரிட்ஜ் கிடையாது, வெயிலில் நான்கு மணி நேரம் தாங்குமா என்ற பயமும் இருக்கிறது.

---

வெண்ணெய்த்தாழி | புதன், காலை 9:15

காரத்துக்குத் தயிர் அவல் செய்து கொடு. இது அன்றன்றைக்குச் செய்வதுதான், ஆனால் முதல் நாள் இரவே எல்லாம் தயாராக இருந்தால் காலையில் அடுக்க ஐந்து நிமிடம் போதும். கெட்டி அவலாக வாங்கு, மெல்லிசு அவல் கூழாகிவிடும். அலசிப் பிழிந்து, உப்பை அதில் மட்டும் போட்டுப் பிசறி அடியில் வை. அதன் மேல் கெட்டித் தயிர். மேலே பொடியாக நறுக்கின கேரட்டும் மாதுளையும். வெள்ளரிக்காய் போடுவதாக இருந்தால் விதைப் பகுதியை வழித்துவிட்டு நறுக்கு, அதில் உப்புப் படவே கூடாது, பட்டால் பத்து நிமிடத்தில் தண்ணீராக நிற்கும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து நன்றாக ஆறவிட்டு மேலே ஊற்று. சூடாக ஊற்றினால் அந்த இடத்துத் தயிர் திரிந்துவிடும்.

ஒரு மோர் மிளகாயைக் கருக வறுத்து நொறுக்கி, காகிதத்தில் மடித்துத் தனியாகக் கொடு. சாப்பிடும்போது தூவிக்கொள்ளட்டும். நறுக் நறுக் என்று இருக்கிற எதுவும் ஜாடிக்குள் போகவே கூடாது. பொரி, வறுத்த வேர்க்கடலை, ஓமப்பொடி எல்லாம் வெளியில்தான். என் பேரனுக்கு அந்தக் காகிதப் பொட்டலம் இல்லாவிட்டால் தயிர் அவல் இறங்காது.

---

காலைரயில் | புதன், இரவு 9:20

மதி அக்கா, வெயிலில் வைப்பது பற்றி என் வேலை சார்ந்து சொல்கிறேன். சமைத்த பண்டமும் வெட்டிய பழமும் 5 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் கிருமி வேகமாகப் பெருகும். வெளியில் இரண்டு மணி நேரம் வரை என்பது பொதுவான கணக்கு, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். தயிருக்குப் புளிப்பே ஒரு காவல், அதனால் நன்றாக உறைந்த தயிர் சட்டென்று கெடாது. வெட்டிய பழத்துக்கும் நனைத்த அவலுக்கும் அந்தக் காவல் இல்லை. அதனால் குளிர்ச்சி வேண்டும்.

நான் செய்வது இதுதான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். தண்ணீர் உறையும்போது விரியும், அதற்கு அந்தக் கால் பாகம் இடம் வேண்டும். காலையில் உள்ளே வெள்ளிப் படலம் ஒட்டிய டிபன் பையில் ஜாடியையும் பாட்டிலையும் ஒட்டி நிறுத்தி, ஒரு சின்னத் துண்டால் இரண்டையும் சேர்த்துச் சுற்றிவிடுவேன். ஒன்பதரைக்கு எடுக்கும்போது பாட்டிலில் இன்னும் பாதி ஐஸ் இருக்கும், ஜாடி தொட்டால் சில்லென்று இருக்கும். உருகின தண்ணீரை மத்தியானம் குடித்துவிடலாம். ஜாடி ராத்திரியே ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், காலையில் அடுக்கிச் சூடாகவே பையில் வைத்தால் ஐஸ் அதைக் குளிரவைப்பதிலேயே தீர்ந்துவிடும். அம்மா சொன்ன தயிர் அவலில் தாளிப்பு வரை எல்லாவற்றையும் முதல் நாளே ஆறவைத்து ஃப்ரிட்ஜில் தனித்தனியாக வையுங்கள்.

பையனுக்குக் கண்ணாடி வேண்டாம், இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா கொடுங்கள். எவர்சில்வர் கண்ணாடியைவிடச் சீக்கிரம் குளிர்ந்தும் விடும்.

---

வேப்பங்கொழுந்து | வியாழன், காலை 7:02

இடையில் ஒரு வார்த்தை. தயிரோடு வாழைப்பழம் சேர்க்கக் கூடாது என்று ஆயுர்வேதத்தில் சொல்வார்கள். இரவில் தயிர் கூடாது என்பதும் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டையும் இன்றும் கடைப்பிடிக்கிறோம். காலையில் சில்லென்று தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்காதா?

---

பால்பண்ணைக்காரன் | வியாழன், காலை 11:30

வழக்கத்தைக் கடைப்பிடிப்பவர்கள் வாழையை விட்டுவிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அடுக்கி வைக்கும் ஜாடிக்கு வாழை எப்படியும் ஒத்துவராது, வெட்டினதும் கறுக்கும், மறுநாள் குழகுழவென்று ஆகிவிடும். தயிரும் வாழையும் அவலும் சேர்த்து விரும்பிச் சாப்பிடுகிற ஊர்களும் உண்டு. பீகாரில் மகர சங்கராந்தி அன்று தயிரும் அவலும் வெல்லமும்தான் காலை உணவு. வங்காளத்தில் தயிர் அவலோடு வாழைப்பழத்தையும் பிசைந்துகொள்வார்கள். அவரவர் உடம்புக்கு எது ஏற்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

சில்லிப்பு ஆகாதவர்கள் பத்து நிமிடம் முன்னால் பையில் இருந்து எடுத்து வெளியில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து நேராக எடுத்ததைவிட அப்போது ருசியும் நன்றாகத் தெரியும்.

---

வேப்பங்கொழுந்து | வியாழன், மதியம் 12:10

சரி சார், நன்றி. மாதுளையும் பேரீச்சையும் போட்டு என் அப்பாவுக்குச் செய்து பார்க்கிறேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, பேரீச்சை போடலாமா?

---

காலைரயில் | வியாழன், இரவு 9:05

அப்பாவுக்கு மாம்பழமும் பேரீச்சையும் சேர்ந்த அடுக்கு வேண்டாம், இரண்டிலும் சர்க்கரை நிறைய. அடியில் வெந்தயம் இரண்டு சிட்டிகை சேர்த்து ஊறவைத்த சம்பா கோதுமையை வேகவைத்துப் போடுங்கள், மேலே தயிர், அதன் மேல் கொய்யா அல்லது கொஞ்சம் மாதுளை. காரமாகச் செய்வது அவருக்கு இன்னும் நல்லது. அவர் மாத்திரை போடும் நேரத்துக்கும் சாப்பாட்டு அளவுக்கும் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

---

காலைரயில் | பதின்மூன்று நாள் கழித்து, புதன், இரவு 8:40

முடிவைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் ஞாயிறு சரியாக வரவில்லை. மாம்பழத்தைக் கிளறி ஜாடியில் போட்டு, இளஞ்சூடாக இருக்கும்போதே பாலை ஊற்றிவிட்டேன். ஊற்றின வேகத்தில் பழம் கிளம்பி மேலே வந்து மஞ்சள் புகை மாதிரிப் பாலில் பரவியது. உறைந்தது, ஆனால் அடுக்கு இல்லை, ஒரே கலவை. புதன்கிழமை கொஞ்சம் தண்ணீரும் விட்டது.

இந்த ஞாயிறு பொறுமையாகச் செய்தேன். இரண்டு பங்கனப்பள்ளி, ஆறு பேரீச்சை, சர்க்கரை இல்லை. வாணலியில் பதினைந்து நிமிடம் கிளறினேன், அல்வா மாதிரி ஓரம் விட்டு வந்தது. ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு, ஸ்பூனின் முதுகால் அழுத்தி மட்டமாக்கி, இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பால். பால் பவுடர் கரைத்து, சார் சொன்னபடி பத்து நிமிடம் காய்ச்சி, விரல் விட்டால் பொறுக்கிற சூட்டில் உறை கலந்தது. ஒரு ஸ்பூனைப் பழத்துக்கு மேலே குப்புறப் பிடித்து, அதன் முதுகில் மெல்ல ஊற்றினேன். பால் பழத்தின் மேல் அப்படியே போய் நின்றது. கோடு போட்ட மாதிரி கீழே மஞ்சள், மேலே வெள்ளை.

மூடியை இறுக்காமல் அடுப்பு மேடை ஓரத்தில் வைத்தேன். இந்த வெயிலுக்கு ஐந்து மணி நேரத்தில் உறைந்துவிட்டது. ஜாடியை லேசாகச் சாய்த்தபோது தயிர் ஓரத்தை விட்டு நகரவில்லை, அதுதான் அடையாளம் என்று வைத்துக்கொண்டேன். உடனே ஃப்ரிட்ஜ். இரவு படுக்கும் முன் நன்றாகக் குளிர்ந்த தயிரின் மேல் குழைவாக வேகவைத்த கவுனி ஒன்றரை மேசைக்கரண்டி பரப்பினேன். உள்ளே இறங்கவில்லை, மேலேயே நின்றது. மாதுளையைக் காலையில் கிளம்பும்போது தூவினேன்.

பாணிக்கிண்ணம் அக்கா கேட்டது சரிதான், ரயில் குலுக்கும். மடியில் பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தேன். இன்று மூன்றாம் நாள் ஜாடி. ஒன்பது நாற்பதுக்குத் திறந்தேன். ஓரமாக ஒரு விரிசல், அதில் ஒரு ஸ்பூன் அளவு தெளிவான தண்ணீர், அவ்வளவுதான். நடுவில் ஸ்பூனை நட்டேன், நின்றது. கவுனி கடிபட்டது. அடியில் பேரீச்சை ஊறி மாம்பழத்தோடு ஒன்றாகி, மிட்டாய் மாதிரி இழுத்தது. என்னோடு வேலை செய்யும் பெண் வாங்கி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் தனக்கும் மூன்று ஜாடி வேண்டும், பாலும் பழமும் தான் வாங்கித் தருகிறேன் என்றாள்.

அம்மா, உங்கள் மாமியாரின் அந்தத் தூக்கை நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

---

வெண்ணெய்த்தாழி | வியாழன், காலை 6:40

கண் நிறைந்துபோயிற்று அம்மா. அவர் இருந்திருந்தால் அந்த ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருப்பார்.

ஒரு தடவை மாம்பழத்துக்குப் பதிலாகப் பலாச்சுளை போட்டுப் பார். பலா தண்ணீர் அதிகம் விடாது, நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டினால் போதும்.

---

திருப்பூர்_மதி | வியாழன், இரவு 7:30

பையன் நான்கு நாளாகத் தயிர் அவல் டப்பாவைக் காலியாகத்தான் கொண்டுவருகிறான். மோர் மிளகாய்ப் பொட்டலம் இரண்டாக வேண்டுமாம், பக்கத்து பெஞ்சுப் பையனுக்கும் சேர்த்து. ஐஸ் பாட்டில் சுற்றுகிற துண்டு மட்டும் மதியத்துக்குள் ஈரமாகி நோட்டெல்லாம் நனைகிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

---

காலைரயில் | வியாழன், இரவு 9:15

பாட்டிலை முதலில் ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிட்டு, அப்புறம் துண்டால் சுற்றுங்கள் அக்கா. வியர்க்கிற தண்ணீர் கவருக்குள்ளேயே நிற்கும். டிபன் பையைப் புத்தகப் பைக்குள் வைக்காமல் கையில் தனியாகப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.